சுவருக்குப் பின்னால் கேட்ட கூத்து

மூவாயிரத்து அறுநூற்று நாற்பது. தையல்காரி தன் நாத்தனாருக்குக் கொடுக்க வேண்டியது இவ்வளவுதான். நாத்தனார் செத்து நாலு வருஷம் ஆகிவிட்டது. ஆள் போனால் கடனும் போகும் என்று எவனோ சொன்னான். அவன் யாரிடமும் கடன் வாங்காதவனாக இருக்க வேண்டும்.

வைத்தியத்துக்கென்று நாத்தனார் சேர்த்து வைத்த காசு அது. தையல் மிஷினுக்கு மோட்டார் போட, "பத்தே நாள்" என்று சொல்லி இவள் வாங்கினாள். பத்தாம் நாள் கையில் பணம் இருந்தது. மலிவாக ஒரு துணிக்கட்டு வந்தது, அதில் போட்டுவிட்டாள். இன்னும் ரெண்டு நாள்தானே என்று நினைத்தாள். பன்னிரண்டாம் நாள் நாத்தனார் கண்ணை மூடினாள்.

அவர்கள் இரண்டு பேருக்குள் நடந்த விஷயம், மூன்றாவது காதுக்குத் தெரியாது. பிறகு காசு சேர்ந்தது. மிஷின் டிராயரில் சுருக்குப்பையில் கிடந்தது. நாத்தனாரின் மகளிடம் கொண்டுபோய்க் கொடுத்தால், அன்றைக்கு ஏன் கொடுக்கவில்லை என்று கேள்வி வரும். பணம் தயார், வாய்தான் தயாரில்லை.

இந்த நிலையில்தான் அவள் தாய் வேஷம் கட்ட வேண்டி வந்தது.

வருஷம் ஒரு தரம் ஊரில் நடக்கும் தாய் இறங்கும் கூத்தை ஆண்கள்தான் ஆடுவார்கள். செத்தவர்கள் வீட்டுக்குள் இறங்கிப்போய்த் தன் தங்கையை மீட்டு வரும் தாய்த்தெய்வமாக நிற்பவரும் ஆண்தான். சுவருக்குப் பின்னால் உடுப்பறையில் கிழிந்ததைத் தைப்பதும் வியர்த்ததைத் துவைப்பதும் பெண்களுக்கு. பெண்கள் யாரும் மேடையை எட்டிப் பார்க்கக் கூடாது. தையல்காரியும் நாத்தனாரும் இருபது வருஷம் அந்தச் சுவரில் காதை வைத்தே வசனம் முழுவதையும் மனப்பாடம் செய்துவிட்டார்கள். அசைவு ஒன்றும் தெரியாது.

ஆண்களின் குழு அடித்துக்கொண்டு பிரிந்ததும், இனி நாம் ஆடுவோம் என்று கிளம்பியவள் பஸ் கண்டக்டர். "கும்பிடுறது நாம, துணி தைக்கிறது நாம. தாயா நிக்கிறதுக்கு மட்டும் மீசைக்காரன் வேணுமா?" என்றாள். பூட்டிக் கிடந்த பஞ்சுக் கிடங்கைப் பெருக்கி, ஞாயிறு மதியங்களில் ஒத்திகை வைத்தார்கள். வசனம் முழுவதும் தெரிந்த தையல்காரிக்குத் தாய் வேஷம் விழுந்தது. செத்தவர்கள் வீட்டு வாசல்காரி வேஷம் கண்டக்டருக்கு. தங்கை வேஷம் நாத்தனாரின் மகளுக்கு. சலவைக்கடையில் இஸ்திரி போடுகிறவள். அம்மாவை உரித்து வைத்த முகம்.

கூத்தின் நடுவில் ஒரு மௌனம் உண்டு. "தங்கச்சி, உன்னைக் கூட்டிப்போக வந்திருக்கேன்" என்பாள் தாய். அதற்குப் பிறகு சுவருக்கு அந்தப் பக்கம் ஈ பறக்கிற சத்தம்கூட இருக்காது. நாத்தனார் இவள் மணிக்கட்டில் விரலால் தட்டித் தட்டி எண்ணுவாள். வருஷா வருஷம் தொண்ணூறு வரும். பிறகு கூட்டம் ஓவென்று அழும். "வழி விடுங்க, நான் தனியா வரல" என்று தாயின் குரல் கேட்கும்.

அந்தத் தொண்ணூறுக்குள் என்ன நடக்கிறது? தாய் வேஷம் கட்டி ஓய்ந்த பெரியவரிடம் போய்க் கேட்டார்கள். "அது உங்களுக்கு ஆகாது" என்று கதவைச் சாத்திவிட்டார்.

"சாத்தட்டும். நீ பாட்டுக்கு நில்லு, வர்றது வரட்டும்" என்றாள் கண்டக்டர்.

தையல்காரியால் நிற்க முடியவில்லை. முதல் ஒத்திகையில், தங்கையாக வெள்ளைத் துணிக்கடியில் படுத்திருந்த நாத்தனார் மகள் முன்னால் நின்றபோது, மணிக்கட்டில் யாரோ தட்டினார்கள். ஒன்று, இரண்டு, மூன்று. பக்கத்தில் ஆளில்லை. எழுபதில் "தண்ணி குடிச்சுட்டு வர்றேன்" என்று வெளியே ஓடினாள். அடுத்தடுத்த வாரங்களிலும் ஓடினாள்.

"என்ன அத்தை, நாலு வாரமா இந்த இடத்துக்கு வந்தாத்தான் தாகம் எடுக்குதா?" துணிக்குள்ளிருந்து குரல் வந்தது.

"பேசாதே. நீ பொணம்."

"பொணத்துக்கும் முதுகு வலிக்கும்ல."

ஆடுகிற நாளில் கிடங்கு நிரம்பிவிட்டது. செத்தவர்கள் வீட்டு வாசலில் நின்றுகொண்டும் கண்டக்டருக்குப் பழக்கம் போகவில்லை. "உள்ள போங்க, உள்ள போங்க, நடுவுல எடம் கிடக்கு" என்று கூட்டத்தை நெருக்கினாள். சிரிப்பு அடங்கியதும் கூத்து தொடங்கியது.

தாய் இறங்கினாள். தங்கையைக் கூப்பிட்டாள். மௌனம் விழுந்தது. மணிக்கட்டில் தட்டு ஆரம்பித்தது. தொண்ணூறில் நின்றது. ஆனால் விரல் விலகவில்லை. தோலின் மேல் சில்லென்று அப்படியே இருந்தது.

முட்டி தானாக மடங்கியது. தையல்காரி துணியை விலக்கி, படுத்திருந்தவள் காதோடு வாயை வைத்தாள். அப்போதுதான் உறைத்தது: இருபது வருஷம் காதை வைத்தும் கேட்காத, சுவர் தாண்டாத சத்தம் இதுதான், காதோடு சொல்வது.

"மூவாயிரத்து அறுநூத்தி நாப்பது. உங்கம்மா காசு. பத்தாம் நாள் கையில இருந்துச்சு. நான்தான் குடுக்கல."

மகள் கண் திறக்கவில்லை. உதடு மட்டும் அசைந்தது. "தெரியும். 'அண்ணி இன்னிக்கு வந்துருவா'ன்னு அம்மா வாசலையே பார்த்துக்கிட்டுக் கிடந்தா. நீங்களா சொல்வீங்கன்னு நானும் நாலு வருஷமா பார்க்கிறேன்."

"எந்திரிம்மா."

"மாட்டேன்."

ஆண்கள் ஆடியபோது தங்கை எழாத வருஷமே இல்லை. அவர்களுக்குள் பாக்கி ஏதும் இருக்கவில்லை போலும். தாய் தனியாகத் திரும்பினால் கூத்து அதோடு செத்தது. வாசலில் கண்டக்டர் கண்ணாலேயே கெஞ்சினாள். தையல்காரி தலைக்கிரீடத்தைக் கழற்றித் தரையில் வைத்தாள். பிணத்தின் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"அப்போ நானும் போகல."

எவ்வளவு நேரமென்று யாரும் எண்ணவில்லை. கூட்டத்தில் ஒரு குழந்தை சிணுங்கி, அதுவும் அடங்கியது. பிறகு துணிக்கடியிலிருந்து, இஸ்திரிச் சூடு பட்டுக் காய்த்த கை ஒன்று வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தது.

"நாளைக்கு. முழுசா. மன்னிப்பு கின்னிப்புன்னு வாயைத் திறக்கக் கூடாது."

"திறக்கல."

தங்கை எழுந்தாள். பெண்கள் கூட்டம் குமுறி அழுதது. "வழி விடுங்க, நான் தனியா வரல." தன் வாயிலிருந்து வந்த குரல் தையல்காரிக்கே புதிதாக இருந்தது. கையைப் பிடித்துக்கொண்டு ஒருத்தி கூடவே வந்தாள். முதுகுக்குப் பின்னால் இன்னொரு காலடியும் கேட்டது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

மறுநாள் காலை சலவைக்கடை மேஜையில் சுருக்குப்பையை வைத்தாள். மகள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு இரண்டு தரம் எண்ணினாள்.

"சரியா இருக்கு" என்றாள். வட்டி கேட்கவில்லை. உட்காரவும் சொல்லவில்லை.