மணியம்மையின் நாடி

துரைக்கண்ணு கம்பவுண்டர் மணியம்மையின் மணிக்கட்டிலிருந்து விரலை எடுத்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "நாடி இல்ல சடகோபா. ஆக வேண்டியதப் பாரு."

வாசலில் நின்றிருந்த பெண்கள் ஓவென்று அழ ஆரம்பித்தார்கள். யாரோ சங்கு ஊதுகிறவரைக் கூப்பிட ஓடினார்.

சடகோபனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அவளுக்கு ஆறு வருசமாவே கையில நாடி இல்ல. அழுவாதீங்க, அவ காதுல வுழும்."

பெண்டாட்டி போன துக்கத்தில் உளறுகிறான் என்று எல்லோரும் பரிதாபமாகப் பார்த்தார்கள்.

அவன் உளறவில்லை. ஆறு வருஷத்துக்கு முன்பே சென்னை ஆஸ்பத்திரி டாக்டரம்மா விளக்கியிருந்தார். லட்சத்தில் ஒருவருக்கு வருகிற நோய். உடம்பைக் காவல் காக்கிற அணுக்கள் ஒன்றுக்கொன்று தப்பான சேதி சொல்லிக்கொண்டு, சொந்த ரத்தக்குழாயையே எதிரி என்று தாக்குகின்றன. கைக்குப் போகிற குழாய்கள் வீங்கி அடைத்துவிட்டன. "எங்க பங்காளிங்க மாதிரின்னு சொல்லுங்க," என்றாள் மணியம்மை. டாக்டரம்மாவே சிரித்துவிட்டார். பிறகு சடகோபனின் விரலைப் பிடித்து, அவள் பாதத்தின் மேல் நாடி துடிக்கும் இடத்தைக் காட்டிக் கொடுத்தார்.

அது முதல் தினமும் காலையில் பொதட்டூர்பேட்டை டவுன் பஸ்ஸை ஓட்டப் போகுமுன் பார்ப்பான். "பாவா, கல்யாணத்துல கையப் புடிச்ச, இப்பக் காலப் புடிக்கிற," என்பாள் அவள்.

இனி செய்ய ஒன்றுமில்லை என்று போன வாரம்தான் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். இப்போதும் கால்மாட்டில் உட்கார்ந்து விரலை வைத்தான். ஒரு துடிப்பு. நெடுநேரம் கழித்து இன்னொன்று. கம்பவுண்டரின் விரலை இழுத்து அதே இடத்தில் வைத்தான். அவர் முகம் வெளுத்துவிட்டது. பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

மணியம்மையின் அக்கா கெங்கம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "செத்துட்டாங்கன்னு பொய்ச்சேதி வந்தா ஆயுசு கெட்டிம்பாங்க. பொழைச்சுக்குவா." அழுத பெண்கள் வெட்கத்தோடு கலைந்தார்கள். சங்கு ஊதுகிறவருக்கு ஒரு டீ கொடுத்து அனுப்பினார்கள்.

சடகோபன் விரலை எடுக்கவில்லை. பிற்பகலில் துடிப்புகளுக்கு நடுவே இடைவெளி நீண்டுகொண்டே போனது. மலைக்குப் போகிற காவடிக் கூட்டம் ஒன்று அரோகரா சொல்லிக்கொண்டு தெருவைக் கடந்தது. அந்தச் சத்தம் ஓய்ந்தபோது விரலுக்கடியில் ஒன்றும் இல்லை. சற்றுத் தள்ளி வைத்துப் பார்த்தான். இன்னொரு காலிலும் பார்த்தான். அவள் இல்லாத வீட்டை நினைக்கவே பயமாக இருந்தது.

அடுப்படியிலிருந்து கெங்கம்மாள் எட்டிப் பார்த்தாள். "நாடி இருக்குதாப்பா?"

அவனைத் தவிர அதைச் சொல்லக்கூடியவர் அந்த வீட்டில் யாரும் இல்லை.

"ஆங். இருக்குது," என்றான்.

அவள் கஞ்சியை ஆற்றப் போனாள்.