உறவுக்குள் கேட்ட பெண்

1994 மே மாதம், கோயம்புத்தூர் ஆஸ்பத்திரி ஒன்றின் தோல் பிரிவில், சிங்காநல்லூர் அன்புச்செல்விக்கு வந்திருப்பது பரம்பரை நோய் என்று சொல்லப்பட்டது. அவளுக்கு வயது இருபத்திரண்டு.

சிறுமியாக இருந்தபோது புறங்கையில் தொடங்கிய மருக்கள் இப்போது கழுத்திலும் நெற்றியிலும் அப்பியிருந்தன. சுட்டு எடுத்தால் பக்கத்திலேயே முளைத்தன. பெண் பார்க்க வந்தவர்கள் அவள் நீட்டிய காப்பியைத் தொடாமல் எழுந்து போனார்கள். கடைசியில், தாய்மாமன் நஞ்சப்பன்தான் தொண்டாமுத்தூரிலிருந்து வந்து தன் மகன் பிரவின்குமாருக்குக் கேட்டார்.

“நம்ம புள்ளைய நாம எடுக்காம வேற எவன் எடுப்பான், அக்கா? மருவாம் மருவு! நம்ம தோட்டத்துப் பாகக்காயில இல்லாத மருவா?”

அந்தப் பேச்சைப் பிடித்துக்கொண்டுதான் அன்புச்செல்வியின் தாய் முத்தாத்தாள் நடமாடிக்கொண்டிருந்தாள். வருகிற ஞாயிற்றுக்கிழமை உப்புச்சர்க்கரை மாற்றி நிச்சயம் செய்வதாக ஏற்பாடு.

“நீங்களும் உங்க வீட்டுக்காரரும் சொந்தமா?” என்று முத்தாத்தாளிடம் கேட்டார் டாக்டரம்மா.

“செத்துப்போன மனுசன் எங்க அத்தை பையன்தானுங்க. இவளையும் எந்தம்பி மகனுக்குத்தானுங்க கேட்டிருக்காங்க.”

“ரெண்டு பேருக்குள்ளயும் வெளிய தெரியாம இருந்து குழந்தைக்கு வந்திருக்கு. இவளையும் சொந்தத்துல குடுத்துராதீங்க. மாமன் மகனுக்குள்ள இருந்தாலும் இருக்கும். அப்புறம் பிறக்கிற குழந்தைக்கும் வரலாம்.”

வெளியே வந்ததும் முத்தாத்தாள் மகளின் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தாள்.

“அம்மணி, இது நம்மளோட போகட்டும். மாமங்கிட்ட மூச்சு உட்டறாதே.”

“பொறக்கற புள்ளைக்கு வந்தா?”

“வந்தா பாத்துக்கலாம். உன்னைய நான் பாத்துக்கலையா?”

“நீங்க பாத்தீங்க. பள்ளிக்கூடத்துல எம்பக்கத்துல ஒருத்தரும் உக்காரலீங்களேம்மா.”

வெளியில் கேட்க ஆளில்லை. கேட்கிற ஒருவனுக்கும் கொடுக்கக் கூடாது என்றால் இவளை எங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பது? முத்தாத்தாளுக்குச் சோறு இறங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை தட்டுகளோடு நஞ்சப்பன் வந்து உட்கார்ந்தார். சமையல்கட்டில் முத்தாத்தாள் மகளின் காலில் விழுந்தாள். “எனக்குப் பின்னால உனக்கு யாரு கண்ணு?”

அன்புச்செல்வி தாயைத் தூக்கி நிறுத்தினாள். கண்ணைத் துடைத்துவிட்டாள். பிறகு முன்னறைக்குப் போய், டாக்டரம்மா சொன்னதையெல்லாம் மாமனிடம் சொன்னாள்.

“சொல்லாம இருந்திருக்கலாமே, கண்ணு,” என்றார் நஞ்சப்பன். தட்டுகளை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

ஆவணியில் பிரவின்குமாருக்குக் கல்யாணம் நடந்தது. பெண் அன்னூர், சொந்தமில்லை. முத்தாத்தாள் மட்டும் போயிருந்தாள்.