இரண்டாம் ஆளின் ஒப்புதல்

1

இந்தக் கதை சின்ன காஞ்சிபுரத்தில் ஒரு டீக்கடையில் எனக்குக் கிடைத்தது. கிடைத்தது என்பதுகூடப் பொய். என் நண்பன் லோகு என்கிற லோகேஸ்வரன் ஒரு ரகசியத்தைச் சொல்லி, யாரிடமும் சொல்லாதே என்றான். சரியென்று தலையாட்டிவிட்டு, டீ ஆறுவதற்குள் முதல் வரியைத் தேட ஆரம்பித்துவிட்டேன். எழுதுகிறவன் புத்தி அவ்வளவுதான்.

தேடியதில் அகப்பட்டவை:

“லார்க்வே செத்துக்கொண்டிருந்தது, ஆனால்—” (லார்க்வே என்றால் என்னவென்று வாசகர் கேட்பார். நியாயம்.)

“வரதராஜப் பெருமாள் கோயில் கோபுரத்தின் நிழல் நீண்டு—” (நிறுத்து. நாளெல்லாம் லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருப்பவனுக்குக் கோபுர நிழல் எதற்கு?)

“ஒரு பெண் ஒளிந்திருக்கிறாள்.”

கதை இங்கேதான் தொடங்க வேண்டும் என்று தெரிந்தது. பயமாக இருந்ததால் மூன்றாம் பகுதிக்குத் தள்ளிவைத்தேன்.

2

லார்க்வே என்பது வெப்சைட் கட்டுபவர்களுக்கான ஒரு ஃபிரேம்வொர்க். லாகின், படிவம், தகவலைச் சேமிப்பது என்று எல்லா சைட்டுக்கும் வேண்டிய பாகங்களை முன்கூட்டியே எழுதி இலவசமாகக் கொடுத்துவிடுவார்கள். அதன்மேல் நாம் நம் சைட்டைக் கட்டிக்கொள்ளலாம். எழுதுகிறவர்களுக்குச் சம்பளம் கிடையாது. பல நாட்டு ஆர்வலர்கள், ஒரு காலத்தில் பெருங்கூட்டம். புதிய பதிப்பு வெளியாகும் நாளில் அவரவர் சாப்பிட்டதைப் படமெடுத்துக் குழுவில் போடுவது வழக்கம். லோகு எப்போதும் மந்தாரை இலையில் கோயில் இட்லி. போன வருடம் இரண்டே தட்டுகள்: இவனுடையது, எஸ்டோனியாவில் இருக்கும் மார்ட் என்பவருடையது. மற்றவர்கள் புதிய ஃபிரேம்வொர்க்குகளைத் தேடிப் போய்விட்டார்கள்.

நீயும் போகவேண்டியதுதானே என்று கேட்டிருக்கிறேன்.

“அரியர் வெச்சவன்னு ஒரு கம்பெனிகூட என்னை இன்டர்வியூக்குக் கூப்புடல பா. இவங்க என் மார்க்கையா கேட்டாங்க? நான் எழுதுன புரோகிராமைத்தான் பார்த்தாங்க. தப்பைத் திருத்திச் சொல்லிக்குடுத்துக்கினு பொறுமையா கூடவே இருந்தாங்க. இப்ப கூட்டம் கொறஞ்சிபோச்சின்னு நானும் எழுந்து போய்டணுமா?”

(இந்த இடத்தில் அவனை எனக்கு மிகவும் பிடித்துவிட்டது. கதைக்கு இது கெடுதல். பிடித்தவர்களை நான் தப்பிக்க விட்டுவிடுவேன்.)

3

ஒரு பெண் ஒளிந்திருக்கிறாள். பெயர் பிரவீனா என்று வைத்துக்கொள்வோம். புருஷன் பிரவுசிங் சென்டர் வைத்திருப்பவன். ஒருமுறை அவள் கையை உடைத்தான், இன்னொருமுறை கொளுத்த வந்தான். ஓரிக்கை போகும் வழியில் அம்சவேணி அக்கா நடத்தும் பெண்கள் காப்பகத்தில் சில காலம் இருந்துவிட்டு, இப்போது ஓர் ஊரில் அறை எடுத்துத் துணிக்கடை வேலைக்குப் போகிறாள். முதல் வரைவில் மாகறல் என்று ஒரு பொய்ப் பெயர் போட்டேன். அதையும் அடித்துவிட்டேன். எந்த ஊரும் வேண்டாம். அவன் இன்னமும் அவள் பெயரை நெட்டில் தேடிக்கொண்டிருக்கிறான்.

அவள் முகவரி காப்பகத்தின் வெப்சைட்டில், அக்காவும் ஊழியர்களும் மட்டும் லாகின் செய்து பார்க்கும் பக்கத்தில் இருக்கிறது. சைட்டைக் கட்டிக்கொடுத்தவன் லோகு. வேறெதில், லார்க்வேயில்தான்.

அந்த லார்க்வேயில் ஓர் ஓட்டை. லாகின் இல்லாமலே உள்ளே இருப்பதை அள்ளிவிடலாம். அப்படி அள்ளி இணையத்தில் கொட்டுவதையே பொழுதுபோக்காக வைத்திருப்பவர்கள் உண்டு. ஓட்டையைக் கண்டுபிடித்தவனும் லோகுதான்; அடைப்பதற்கான திருத்தத்தை அன்றே எழுதிவிட்டான். டீக்கடையில் சொன்ன ரகசியம் இது.

“அப்ப போட்டுட்டியா?”

“இல்லப்பா. ரெண்டாவது ஆளு ஓகே சொல்லணும்.”

லார்க்வே குழுவின் வழக்கம் அது. தான் எழுதிய திருத்தத்தைத் தானே வெளியிடக் கூடாது. இன்னொருவர் படித்து ஒப்புதல் தரவேண்டும். அதுவரை ஓட்டையைப் பற்றி மூச்சு விடக்கூடாது. தனக்கு வேண்டிய சைட்டை மட்டும் முன்னதாக அடைத்துக்கொள்ளவும் கூடாது. ஒப்புதல் தரவேண்டிய மார்ட், வாரக்கணக்கில் பதில் போடவில்லை.

4

“அக்கா சைட்ல மட்டும் போட்டுடேன். யாருக்குத் தெரியப்போவுது?”

“ஒண்ணுல அடைச்சா, அத்த வெச்சே ஓட்டை எங்க இருக்குதுன்னு கண்டுபுடிச்சிடுவானுங்க. மத்த சைட்டுல இருக்கறவங்க மனுஷங்க இல்லியா? முன்னாடி ஒருத்தன் அவசரப்பட்டுத் தானே போட்டான். எத்தினி சைட்டு படுத்துச்சி தெரியுமா? அப்புறம் வந்த ரூல்பா இது.”

“அந்த மார்ட்டுக்கு என்னதான் ஆச்சு?”

கிளாஸைக் கீழே வைத்தான். “நேத்து அவரு பொண்ணு மெயில் போட்டுச்சி. செத்துட்டாராம்பா. ஹார்ட் அட்டாக். நான் பாட்டுக்கு, டைம் கெடைக்கும்போது பாருங்கன்னு எழுதிக்கினே இருந்திருக்கேன்.”

அழுதான்.  கொஞ்சம் பொறுத்து, இனி யார் ஒப்புதல் தருவார்கள் என்று கேட்டேன்.

“குரூப்ல கேட்டிருக்கேன். யாராச்சும் வருவாங்க.”

“குரூப்ல யாருப்பா இருக்காங்க?”



5

முடிவு அ: லோகு விதியை மீறித் தானே வெளியிடுகிறான். (எனக்கு ஆசைதான். எனக்குத் தெரிந்த லோகு செய்யமாட்டான்.)

முடிவு ஆ: விலகிப்போன பழைய ஆள் ஒருவர் பிரேசிலிலிருந்து திரும்பிவந்து ஒப்புதல் தருகிறார். (வாசகர் நிம்மதியாகத் தூங்குவார். எனக்கு வெட்கமாக இருக்கும்.)

முடிவு இ: ஒரு காலையில் பிரவீனா கதவைத் திறக்கிறாள். வாசலில்—

இதை முழுதாக எழுதினேன். நன்றாகவே வந்தது. அவள் கையில் பால் பாக்கெட், படியில் அவன் செருப்பு, எல்லாம் கச்சிதம். ஒரு வாக்கியம் நீளமாகப் பட்டதால் திரும்பத் திரும்பச் செதுக்கிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் உறைத்தது. இது நடந்துமுடிந்த விஷயம் இல்லை. ஓட்டை இப்போதும் திறந்துதான் கிடக்கிறது. லோகு ஒப்புதலுக்காகக் காத்திருக்கிறான் சரி, நான் எதற்காகக் காத்திருக்கிறேன்? ஒரு நல்ல முடிவுக்காகவா? என்மேலேயே அருவருப்பாக இருந்தது.

அக்காவுக்கு போன் போட்டேன். லோகு இனி என் முகத்தில் விழிக்கமாட்டான். பரவாயில்லை. எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன், சைட்டை உடனே மூடச் சொன்னேன்.

“எவ்ளோ நாளாப்பா தெறந்து கெடக்குது?”

“வாரக்கணக்கா, அக்கா.”

அந்தப் பக்கம் சாவிக்கொத்தின் சத்தம் கேட்டது. பிறகு சொன்னார்: “பிரவீனா இன்னிக்கு வேலைக்கு வரலன்னு கடையிலருந்து போன் வந்துச்சி தம்பி. அது போன் எடுக்கல. நான் அங்கதான் கெளம்பிக்கினு இருக்கேன்.”

6

முடிவு இ-யை அழித்துவிட்டேன். அதனால் எதுவும் மாறாது என்று தெரியும்.

அக்கா இன்னும் திரும்ப அழைக்கவில்லை. இனி என்னால் ஒரு வரியும் எழுத முடியாது, நீங்கள் எழுதுங்கள். அவளுக்குக் காய்ச்சல் என்று எழுதுங்கள். மாத்திரை போட்டுத் தூங்குகிறாள், போனில் சார்ஜ் இல்லை என்று எழுதுங்கள்.