பன்னிரண்டு பேரில் ஒருவர்

மேற்கத்திய நாகரிகம் முடிந்துவிட்டது என்று என் அண்ணை ஸ்ரீதரன் ஞாயிறுதோறும் எங்கள் சாப்பாட்டு மேசையில் அறிவிப்பார். குடும்பம் போச்சு, தேவாலயம் போச்சு, இனி வெள்ளைக்காரனிடம் என்ன மிச்சம் என்பார், என் ஆட்டிறைச்சிக் கறியை மூன்றாம் முறை போட்டபடி. இதையெல்லாம் பாதிக்குமேல் இங்கிலிஷில்தான் சொல்லுவார். ஒருமுறை அவரை, வழக்கைக் கேட்டுத் தீர்ப்புச் சொல்லும் பொதுமக்களில் ஒருவராக, ஜூரியாக இருக்க வரச்சொல்லிக் கோர்ட்டிலிருந்து கடிதம் வந்தது. தனக்கு இங்கிலிஷ் தெரியாது என்று எழுதித் தப்பிவிட்டார்.

இந்தச் சித்திரையில் அதே கடிதம் என் கணவர் பாக்கியராசாவுக்கு வந்தது. அண்ணை தன் வழியைச் சொல்லிக்கொடுத்தார். இவர் கேட்கவில்லை. கலியாணவீடுகளுக்குப் போடும் கோட்டைப் போட்டுக்கொண்டு போய், பன்னிரண்டு பேரில் ஒருவராக எடுபட்டும் விட்டார்.

எங்களுக்குப் பக்கத்து மில்லிக்கன் பகுதியில் வீடுடைத்து நகை திருடியதாகப் பிடிபட்ட ஒருவனின் வழக்கு அது. போன வருடம் நாங்கள் ஒரு செத்தவீட்டுக்குப் போயிருந்த நேரம் எங்கள் வீட்டையும் உடைத்து, அலுமாரியில் கழற்றி வைத்திருந்த என் தாலிக்கொடியைக் கொண்டுபோனார்கள். யார் என்று இன்றுவரை தெரியாது. இவர் அதை நீதிபதியிடமே சொன்னாராம். அதை ஒதுக்கிவைத்துவிட்டு வழக்கைக் கேட்க முடியுமா என்று நீதிபதி கேட்க, முடியும் என்றாராம் இவர். என்னால் முடியவில்லை. எவனாவது ஒருவன் உள்ளே போனால் போதும் என்றிருந்தது எனக்கு.

இரண்டு கிழமையாகத் தேத்தண்ணி கொடுத்துத் துருவிப் பார்த்தேன். வாயே திறக்கவில்லை. கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை வந்து, குற்றவாளி இல்லையென்று விட்டாச்சு என்றார். ஏன் என்று கேட்டால், ஜூரிமார் உள்ளே கதைத்ததை வெளியே சொல்வது இந்த நாட்டில் குற்றமாம்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கோப்பையை மேசையில் இடித்து வைத்தேன்.

"கள்ளனை விட்டிட்டு வந்து என்னெண்டு சாப்பிடப் போறியள்?"

அவர் கையைக் கழுவிவிட்டு வந்து இருந்தார்.

"அவன் கள்ளனோ இல்லையோ எனக்குத் தெரியாது, ரஞ்சி. ஊரிலை என்னைச் சந்தேகத்திலை பிடிச்சு ரெண்டு வருசம் உள்ளை வச்சிருந்தாங்கள். அண்டைக்கு, இவன்தான் செய்தவன் எண்டு நிச்சயமாத் தெரியாது எண்டு சொல்ல ஒரு ஆள் இருக்கேல்லை."

கலியாணம் கட்டிய நாளிலிருந்து அந்தச் சிறையைப் பற்றி அவர் இவ்வளவு பேசியதில்லை. தாலிக்கொடி போன ஆத்திரம் எனக்கு இன்னும் ஆறவில்லை. ஆனாலும் ஆறிப்போன குழம்பைத் திரும்பச் சூடாக்கிக் கொண்டுவந்து அவருக்குப் பக்கத்தில் இருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அண்ணை வந்தார். கள்ளனையே வீட்டுக்கு அனுப்புகிற நாடு எப்படி உருப்படும், மேற்கு முடிந்தது முடிந்ததுதான் என்று தொடங்கினார். இவர் குனிந்தபடி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

நான் கறிச்சட்டியை அண்ணையின் பக்கத்திலிருந்து எடுத்தேன்.

"அடுத்தமுறை கடிதம் வந்தா இங்கிலிஷ் தெரியும் எண்டு எழுதுங்கோ, அண்ணை. உந்த மேற்கு முடியாமல் பாக்கிறதுக்கு ஆக்கள் போதாது."