வெளிச்சுவர் அளவு

மேஸ்திரி வீட்டு வரியை ஒரு நாள்கூடத் தாமதமாகக் கட்டியதில்லை. அரையாண்டு பிறந்த முதல் வாரமே சலவைச் சட்டையை மாட்டிக்கொண்டு நகராட்சி அலுவலகத்துக்குக் கிளம்பிவிடுவார். திரும்பி வரும்போது ரசீதின் தலை சட்டைப் பைக்கு வெளியே தெரியும். கட்டாதவர்கள் கண்ணில் படட்டும் என்றுதான். அந்தத் தெருவில் பதினொரு வீடுகள் அவர் கட்டியவை. அதனால் தெருவே தன் பிள்ளை என்கிற நினைப்பு அவருக்கு உண்டு. தெருவும் அதைச் சகித்துக்கொண்டது.

ஐந்து வருஷத்துக்கு முன்னால் நகராட்சி ஒரு படிவம் அனுப்பியது. வீட்டின் பரப்பளவை அவரவரே அளந்து எழுதிக் கொடுக்க வேண்டும். சதுர அடி என்றாலே தெருவில் பாதிப் பேருக்குக் கை கால் ஓடவில்லை. மேஸ்திரி டேப்பை எடுத்துக்கொண்டு இறங்கினார். இரண்டே ஞாயிற்றுக்கிழமைகளில் இருபத்துமூன்று வீடுகளையும் அளந்து, எல்லாப் படிவத்தையும் தன் கையாலேயே நிரப்பிக் கொடுத்தார். யாரிடமும் பைசா வாங்கவில்லை. டீ கொடுத்த வீட்டில் டீ குடித்தார், அவ்வளவுதான். அதற்குப் பிறகு ஒரு வருஷத்துக்குத் தெருவில் அவர் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டுதான் நடந்தார் என்று அவர் மனைவியே சொல்வாள்.

இந்த வருஷம் வரி ஏறியது. லேசாக அல்ல, ஒரேயடியாக. நோட்டீஸைப் பிரித்த வீடெல்லாம் தலையில் கை வைத்து உட்கார்ந்தது. ஆயிரம் சதுர அடிக்கு மேற்பட்ட வீடுகளுக்குத் தனி விகிதம் என்று புதிதாக ஒன்றை வேறு சேர்த்திருந்தார்கள். முனையில் கடை வைத்திருக்கும் மருந்துக்கடைக்காரர் ஒரு சங்கத்தைக் கூட்டி, ஒருவரும் கட்டாதீர்கள், இருபத்துமூன்று வீட்டையும் ஜப்தி பண்ணிவிடுவார்களா பார்க்கலாம் என்று முழங்கினார். பேச்சு நன்றாகத்தான் இருந்தது. எல்லோரும் கை தட்டினார்கள்.

கை தட்டாமல் உட்கார்ந்திருந்தவர் நர்ஸம்மா. அரசு மருத்துவமனையில் முப்பது வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பிள்ளை குட்டி இல்லை, கணவரும் போய்ச் சேர்ந்தாயிற்று. ஓய்வூதியமும் அந்த வீடும்தான் அவருக்கு மிச்சம். கட்டாமல் இருப்பது அவருக்கு ஒத்துவரவில்லை. எல்லோரும் கட்டாமல் விட்டால் குப்பையை யார் அள்ளுவது, தண்ணீரை யார் திறந்துவிடுவது என்று மெதுவாகக் கேட்டுவிட்டு எழுந்து போனார். கட்டவும் வழியில்லை. அவர் வீடு ஆவணத்தில் ஆயிரத்து நூற்றிருபது சதுர அடி. புது விகிதத்தில் இரண்டு மடங்குக்கு மேல் ஆகிறது. கணவரின் வைத்தியக் கடன் போகக் கையில் நிற்கும் ஓய்வூதியத்தில், வருஷத்தில் நாலு மாதப் பணத்தை அப்படியே கொண்டுபோய் வைக்க வேண்டும். வீட்டை விற்றுவிட்டுத் தன் மாடியறைக்கு வந்துவிடும்படி தம்பி சொல்வதாகவும், வாங்குவதற்கு ஆள் ஒருவர் வந்து பார்த்துவிட்டுப் போனதாகவும் மேஸ்திரியின் மனைவியிடம் சொல்லியிருந்தார்.

மேஸ்திரிக்கு ஜப்திப் பேச்சில் நம்பிக்கை இல்லை. நோட்டீஸின் அடியில், முப்பது நாளுக்குள் ஆட்சேபணை மனு கொடுக்கலாம் என்று போட்டிருந்தது. இருபத்தாறாம் நாள் தன் நோட்டீஸை எடுத்துக்கொண்டு போனார். கவுன்டரில் இருந்த குமாஸ்தா பெண் பழைய படிவத்தைத் தேடி எடுத்து, எப்படி அளந்தீர்கள் என்று கேட்டாள். நாற்பது வருஷ மேஸ்திரியிடம் கேட்கிற கேள்வியா அது? வெளிச்சுவருக்கு வெளிச்சுவர், சன்ஷேடு, முன்பக்கத் திறந்த சிட்-அவுட் எல்லாம் சேர்த்துத்தான் என்றார். வேலைக்குக் கூலி பேசுகிறவர்கள் எல்லோரும் அப்படித்தான் அளப்பார்கள். அவரும் அப்படியே அளந்தார்.

அந்தப் பெண் படிவத்தைத் திருப்பி, பின்பக்கத்தில் நான்காவது குறிப்பைக் காட்டினாள். சுவரின் கனத்தையும் திறந்த பகுதிகளையும் சேர்க்கக் கூடாது, உள்ளே இருக்கும் தரையை மட்டும் அளக்க வேண்டும். கொட்டை எழுத்தில்தான் இருந்தது. அளப்பதற்கு எனக்குக் காகிதம் பாடம் எடுப்பதா என்று இருபத்துமூன்று படிவத்தில் ஒன்றைக்கூட அவர் திருப்பிப் பார்த்ததில்லை.

மனு கொடுத்தால் ஆள் வந்து அளந்து சரிசெய்வார்கள், நாலு நாள்தான் இருக்கிறது, மற்ற வீட்டுக்காரர்களையும் வரச் சொல்லுங்கள் என்றாள் அந்தப் பெண். மேஸ்திரிக்குக் காதில் விழுந்தது, மண்டையில் ஏறவில்லை. ஐந்து வருஷமாக, இல்லாத இடத்துக்கு ஒரு தெருவே வரி கட்டியிருக்கிறது. பாதித் தூரம் நடந்த பிறகுதான் நர்ஸம்மா வீட்டு ஞாபகம் வந்தது. மனக்கணக்குப் போட்டார். உள்தரை தொள்ளாயிரத்தைத் தாண்டாது. புது விகிதமே அந்த வீட்டுக்கு வராது. நடுரோட்டில் நின்றுவிட்டார்.

நேராக நர்ஸம்மா வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். போகவில்லை. மருந்துக்கடைக்குப் போனார். ஆண்பிள்ளைகள் தப்புச் செய்தால் முதலில் சமாதானம் சொல்ல ஆள் தேடுவார்கள்.

மருந்துக்கடைக்காரர் முழுவதும் கேட்டுக்கொண்டு, கடையில் நின்றவர் போகும்வரை காத்திருந்தார்.

"மேஸ்திரி, இதை இதோட விட்டுடுங்க" என்றார். "அளக்க ஆள் வந்தா உங்க வீட்டை மட்டும் பார்த்துட்டுப் போவானா? நான் அப்புறமா மாடியில கணக்குல காட்டாம ரெண்டு ரூம் போட்டிருக்கேன். அதைப் போட்டதே நீங்கதான். இன்னும் ஆறு வீட்டுல இதே கதை. எல்லாம் வெளிய வந்தா தெரு உங்களைச் சும்மா விடுமா? அப்புறம் எவன் உங்களை வேலைக்குக் கூப்பிடுவான்?"

கடைசிக் கேள்வி மேஸ்திரிக்கு உறைத்தது. வாயை மூடிக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

அன்று சாப்பாடு இறங்கவில்லை. மறுநாள் வேலைக்குப் போன இடத்தில் ஒரு சுவரையே கோணலாக எழுப்பி, அதை இடித்து மறுபடி கட்டினார். வழியில் நர்ஸம்மா வந்தபோது செருப்பைச் சரிசெய்கிற சாக்கில் குனிந்துகொண்டார். ஒரு வருஷம் முழுக்கக் காலரைத் தூக்கி நடந்த ஆள், நல்ல உயரமான ஆள், செருப்பைப் பார்த்துக் குனிந்து நின்றார். இதை நினைத்தால் எனக்கே அவர்மேல் கோபம் வருகிறது.

சாயங்காலம் மனைவி விடவில்லை. என்ன ஆயிற்று என்று பிடுங்கிப் பிடுங்கிக் கேட்டு எல்லாவற்றையும் வாங்கிவிட்டாள். கேட்டு முடித்ததும் தட்டை அவர் முன்னாலிருந்து நகர்த்தி வைத்தாள்.

"அன்னைக்குத் தெரியாம செஞ்சீங்க, சரி. நேத்துலேருந்து தெரிஞ்சேல்ல உட்கார்ந்திருக்கீங்க?" என்றாள். "அந்தம்மா வீட்டை விக்கிறாங்கன்னு நான்தானே உங்ககிட்ட சொன்னேன்?"

விடிந்ததும் முதல் வேலை அதுதான் என்றார். இப்போதே போங்கள் என்றாள் அவள். நாளைக்கு, நாளைக்கு என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார்.

காலை ஏழு மணிக்கே நர்ஸம்மா வீட்டு அழைப்புமணியை அடித்தார். கையில் டேப்பும் அலுவலகத்தில் வாங்கி வந்த நிரப்பாத மனுப் படிவமும். நர்ஸம்மா கதவைத் திறந்தார். ஹாலில் அட்டைப் பெட்டிகள் இரண்டு கிடந்தன, ஒன்றில் பாத்திரங்கள் அடுக்கியிருந்தன. மேஸ்திரி அதைக் கவனிக்கவில்லை, அல்லது கவனித்தும் நம்பவில்லை. உட்காராமலே, தான் செய்த தப்பை ஒன்றுவிடாமல் கொட்டினார். மனு கொடுக்க இன்னும் இரண்டு நாள் இருக்கிறது, இப்போதே அளந்துவிடுவோம், வீட்டை விற்கவே வேண்டாம் என்றார். பேசப் பேசத் தன் குரலே அவருக்குத் தெம்பாக இருந்தது.

நர்ஸம்மா பொறுமையாகக் கேட்டார். முப்பது வருஷம் நோயாளிகள் சொல்வதைக் கேட்டவர் இல்லையா, குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை.

"நேத்து ராத்திரி ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட்டுட்டேன் மேஸ்திரி" என்றார். "முன்பணம் வாங்கியாச்சு. பின்வாங்கினா ரெட்டிப்பாக் குடுக்கணும். அதுக்கு நான் எங்க போவேன்?"

வாங்குகிறவரிடம் பேசிப் பார்க்கிறேன், காலில் விழுகிறேன் என்று மேஸ்திரி என்னவோ சொன்னார். வேண்டாம் என்று நர்ஸம்மா தலையை ஆட்டினார். வாங்குகிறவர்கள் தாங்கள் இருக்கும் வாடகை வீட்டைக் காலி செய்வதாகச் சொல்லிவிட்டுத்தான் பணம் கொடுத்திருக்கிறார்கள். சின்னக் குழந்தை வேறு இருக்கிறது.

பிறகு அவர் கேட்டார். குரலில் கோபம் இல்லை, மருந்துச் சீட்டில் தேதி கேட்கிற மாதிரிதான் கேட்டார்.

"உங்களுக்கு இது எப்பத் தெரியும்?"

இன்றைக்குக் காலையில்தான் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். யாரும் போய் விசாரிக்கப் போவதில்லை. குமாஸ்தா பெண் இந்தத் தெருவுக்கே வரமாட்டாள், மருந்துக்கடைக்காரர் வாயைத் திறக்கமாட்டார். அந்த வார்த்தை மேஸ்திரியின் தொண்டைவரை வந்தது.

"முந்தாநாள்" என்றார்.

நர்ஸம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அந்த ஜன்னலை அந்த உயரத்தில் வைத்ததும் மேஸ்திரிதான், அவர் கணவர் உட்கார்ந்தபடியே தெருவைப் பார்க்க வேண்டும் என்று கேட்டதற்காக.

"முந்தாநாள் சொல்லியிருந்தா, நான் இந்த வீட்டுலயே இருந்து செத்திருப்பேன்" என்றார் நர்ஸம்மா.

மேஸ்திரிக்கு அழுகை வந்துவிட்டது. அறுபது வயது மனிதர், அட்டைப் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று அழுதார். நர்ஸம்மா அவரைத் தேற்றவில்லை. தேற்ற வேண்டிய கடமை அவருக்கு என்ன இருக்கிறது? மனுவை வாங்கிப் படித்தார், பின்பக்கமும் திருப்பிப் படித்தார். பத்திரப்பதிவு முடியும்வரை வீடு என் பேரில்தான் இருக்கிறது என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். அந்தக் குழந்தையோடு வருகிறவர்களாவது சரியான வரியைக் கட்டட்டும் என்றார்.

"அளந்துட்டுப் போங்க. அடுத்த வீட்டுக்காரங்க ஒன்பது மணிக்கு வேலைக்குக் கிளம்பிடுவாங்க, அதுக்குள்ள அவங்ககிட்டயும் சொல்லுங்க. நான் கேட்ட கேள்வியை அவங்களும் கேப்பாங்க."

மேஸ்திரி உள்தரையை அளந்தார். எண்ணூற்றுத் தொண்ணூறு. அதை மனுவில் எழுதிக்கொண்டு வெளியே வந்து, அடுத்த வீட்டு மணியை அடித்தார்.