முன்மாதிரி நோயாளி

இதயம் பாதி வேலைதான் பார்க்கிறது என்று தேனி மருத்துவமனையில் சொன்னபோது, ஓடைப்பட்டி அருளப்பன் அதைப் பதவி உயர்வு போல ஏற்றுக்கொண்டார். திராட்சைத் தரகர். பேசியே பிழைத்தவர். பேசுவதற்கு இப்போது புதிதாக ஒரு விஷயம் கிடைத்தது.

அந்த மருத்துவமனையில் இதய நோயாளிகளுக்கு எடுத்துச் சொல்வதற்கென்றே மாரீஸ்வரி என்ற நர்ஸ் இருந்தார். தினமும் காலையில் சாப்பிடும் முன் எடை பார்க்க வேண்டும், உப்பைக் குறைக்க வேண்டும், தண்ணீரை அளந்து குடிக்க வேண்டும், நீர் மாத்திரையை விடக் கூடாது. எடை சட்டென்று ஏறினாலோ கால் வீங்கினாலோ உடனே போன் செய்ய வேண்டும். அருளப்பன் எல்லாவற்றையும் ஒரே தடவையில் மனப்பாடம் செய்தார். அதோடு தன் கடமை முடிந்தது என்றும் எடுத்துக்கொண்டார்.

மனைவி ரீட்டா உப்பைக் குறைத்துச் சமைத்தார். அருளப்பன் முகம் சுளிக்காமல் சாப்பிட்டுவிட்டு, பஸ் நிறுத்தத்துக் கடைக்குப் போய் கருவாட்டுக் குழம்போடு மறுபடியும் சாப்பிட்டார். நீர் மாத்திரை போட்டால் அடிக்கடி ஒதுங்க வேண்டும். தோட்டம் தோட்டமாக விலை பேசப் போகிற மனிதருக்கு அது கௌரவமா? அதனால் வெளியே போகும் நாட்களில் மாத்திரைக்கு விடுமுறை விட்டார். அவர் வெளியே போகாத நாள் கிடையாது. எடை மெஷின் கட்டிலுக்கடியில் ஓய்வெடுத்தது.

பரிசோதனைக்கு முந்தைய சில நாட்கள் மட்டும் ஒழுங்காக இருப்பார். கால் வீக்கம் வற்றிவிடும். அந்தக் காலைப் பார்த்து மகிழ்ந்த மாரீஸ்வரி, மாதாந்திரக் கூட்டத்தில் மற்ற நோயாளிகளிடம் பேசச் சொல்லி அவரை அழைத்தார்.

அருளப்பன் பேசினார். ஊறுகாயைத் துறந்த கதையை யாரும் கேட்காமலே இரண்டு தடவை சொன்னார். கேட்டவர்களில் ஒருவர் கஸ்தூரியம்மாள். குச்சனூர் கோயில் வாசலில் எள் விளக்கு விற்பவர். மாத்திரை போட்டால் அசதியாக இருக்கிறது என்று பாதியைத் தூக்கிப் போட்டுக்கொண்டிருந்தவர், கூட்டம் முடிந்ததும் அருளப்பனின் போன் நம்பரை வாங்கிக்கொண்டார்.

மறுநாள் காலையிலேயே போன் வந்தது.

"அண்ணே, எடை பாத்துட்டேன். அம்பத்தி நாலு. உங்களுக்கு எம்புட்டு?"

அருளப்பன் கட்டிலில் படுத்தபடியே, "அறுபத்தெட்டு தாயி" என்றார்.

தினமும் போன் வந்தது. தினமும் அறுபத்தெட்டு.

"அதெப்புடிண்ணே, உங்களுக்கு மட்டும் கூடவும் மாட்டேங்குது, குறையவும் மாட்டேங்குது?"

"கட்டுப்பாடு தாயி."

ஒரு நாள் கஸ்தூரியம்மாளின் குரல் பதறியது. சொந்தக்காரர் வீட்டு விசேஷத்தில் அப்பளமும் ஊறுகாயுமாகச் சாப்பிட்டிருக்கிறார். ரெண்டே நாளில் ரெண்டு கிலோ ஏறிவிட்டது.

"யோசிக்காத தாயி. இப்பவே நர்ஸம்மாவுக்குப் போனைப் போடு. கொஞ்சம் பொறுத்துப் பாப்போம்னு மட்டும் இருந்துறாத" என்றார் அருளப்பன்.

கஸ்தூரியம்மாள் போன் செய்தார். டாக்டரிடம் கேட்டு மாத்திரையைக் கூட்டிக் கொடுத்தார்கள். எடை இறங்கியது. ஓர் உயிரைக் காப்பாற்றிய செய்தியை அருளப்பன் ஓடைப்பட்டி முழுவதும் சொன்னார். நடந்துபோய்ச் சொல்ல முடியாமல் மூச்சு வாங்கியதால், டீக்கடையில் உட்கார்ந்தபடியே சொன்னார்.

"செருப்பு ஏன் காலுக்குப் பத்தல?" என்று ரீட்டா கேட்டார்.

"மழையில சுருங்கிப்போச்சு."

"ரப்பர் செருப்பா?"

அருளப்பன் வெறுங்காலோடு டீக்கடைக்குக் கிளம்பினார். படுத்தால் இருமல் வருகிறது என்று அப்போதெல்லாம் நாற்காலியில்தான் தூங்கினார். காற்றோட்டத்துக்காக என்று அதற்கும் ஒரு காரணம் வைத்திருந்தார்.

மாதா கோயில் திருவிழா வந்தது. பிரியாணிக்கு மரியாதை செய்யாமல் இருக்க முடியுமா? மறுநாள் காலை போன் வந்தபோது, "அறுபத்..." என்பதற்கு மேல் அவரால் சொல்ல முடியவில்லை.

"என்னண்ணே இப்புடி மூச்சு இளைக்குது? போனை மதினிகிட்டக் குடுங்க." கஸ்தூரியம்மாள் ரீட்டாவிடம் பேசினார். "மதினி, அவுக கால விரலால அமுக்கிப் பாருங்க. குழி விழுகுதா?"

விழுந்தது. நிரம்பவில்லை.

"நூத்தியெட்டுக்குச் சொல்லுங்க மதினி. அன்னைக்கு அண்ணன் சொன்னாகள்ல, பொறுத்துப் பாக்கக் கூடாதுன்னு."

ஆம்புலன்சில் ஆக்ஸிஜன் முகமூடி மாட்டியபோதுதான் அருளப்பனுக்கு முதல் முறையாகப் பயம் வந்தது. தண்ணீருக்குள் அழுத்திப் பிடித்தது போல இருந்தது. ரீட்டாவின் கையை விடவே இல்லை.

நுரையீரலில் கோத்திருந்த நீர் இறங்கியதும் மாரீஸ்வரி வந்து பக்கத்தில் நின்றார்.

"வாங்க பேச்சாளரே. மாத்திரை போட்டீகளா?"

"வெளிய போற நாள்ல மட்டும் விட்ருவேன்மா. வழியில ஒதுங்க எடம் கெடைக்காது."

"அதை எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீகளா? வேலைய முடிச்சு மத்தியானம் வீட்டுக்கு வந்து போட்டாலும் ஆகும். டாக்டரே மாத்தி எழுதிக் குடுப்பாரு."

ஊரெல்லாம் பேசியவர் இந்த ஒன்றைக் கேட்க மட்டும் வெட்கப்பட்டிருந்தார்.

சாயங்காலம் கஸ்தூரியம்மாள் பஸ் ஏறி வந்தார். அருளப்பன் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். ரீட்டா எல்லாவற்றையும் சொல்லிவிட்டார் என்று தெரிந்தது.

"அண்ணே, நீங்க சொன்னதெல்லாம் பொய்யா?"

"சொன்னது நெசந்தேன் தாயி. நாந்தேன் செய்யல."

கஸ்தூரியம்மாள் நெஞ்சில் கைவைத்து மூச்சுவிட்டார். "அப்பச் சரி. நாஞ் செஞ்சதெல்லாம் தப்போன்னு பயந்துபோயிட்டேன்."

அருளப்பனுக்கு அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். போர்வையை இழுத்து மூடிக்கொண்டு அழுதார். அழுவதில் போகிற நீரையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாமா என்று ரீட்டா நர்ஸிடம் கேட்டார்.

வீடு திரும்பியபின் அருளப்பன் மத்தியானங்களில் வெளியே போவதில்லை. மாத்திரை போட்டுவிட்டு வீட்டிலேயே இருக்கிறார். பேச்சு மட்டும் குறையவில்லை. இப்போது கேட்பதற்கு ரீட்டாதான் இருக்கிறார். தன் இதயத்தையும் ஒரு தடவை பார்த்துவிடலாமா என்று ரீட்டா யோசித்துக்கொண்டிருக்கிறார்.