ஒன்பது சரி, ஒன்று பிழை

மேர்சி வகுப்பு வாசலில் வந்து நின்றபோது எனக்கு முதலில் வந்தது எரிச்சல்தான். ஈரச் சப்பாத்தைக் கழற்றி மேசைக்கடியில் ஒளித்துவிட்டு, ஒரே கரும்பலகையை நடுவே கோடு போட்டுப் பிரித்து, நான்காம் தரத்துக்குக் கணக்கும் ஐந்தாம் தரத்துக்கு எதிர்ச்சொற்களும் எழுதிக்கொண்டிருந்தேன். நான்காம் தர டீச்சர் மாற்றலாகிப் போய் ஏழு மாதமாகிறது. ஐந்தாம் தரத்துப் புலமைப்பரிசில் பரீட்சைக்கு இன்னும் மூன்று கிழமைதான். அவிசாவளையில் பஸ் ஏறும்போதே களைத்துப்போகிற எனக்கு, ஓர் அம்மா வந்து நிற்பது இன்னொரு பாடம் கூடின மாதிரி.

மழை நாளில்தான் இந்தத் தோட்டத்து அம்மாமார் பள்ளிக்கூடம் பக்கம் வருவார்கள். இறப்பர் மரம் நனைந்திருந்தால் பால் வெட்ட முடியாது. வெட்டினாலும் தண்ணீர் கலந்து பால் பாழாகிவிடும். பால் வெட்டு இல்லாத நாளில் வேலைப் பதிவில் பேர் போட மாட்டார்கள். அன்றைய சம்பளமும் கிடையாது. மேர்சி தலையில் கவிழ்த்திருந்த உரப்பையிலிருந்து தண்ணீர் சொட்டியது. அவளுடைய மகள் டிலுக்ஷி உட்கார்ந்திருந்த வாங்கில் இன்னும் குனிந்துகொண்டாள்.

“கோவிச்சுக்காதீங்க டீச்சர். இவ கொப்பியில ஒன்னு பிழைன்னு போட்டிருக்கீங்க.”

கொப்பியை வாங்கிப் பார்த்தேன். பத்துச் சொல்லில் ஒன்பது சரி. ‘மழை’க்கு எதிரே மட்டும் ‘வேலை’ என்று குண்டுகுண்டாக எழுதியிருந்தது. அதன்மேல் நான் போட்ட சிவப்புக் குறி தாள் கிழிகிற அளவுக்கு அழுந்தியிருந்தது. இருபத்திரண்டு கொப்பி திருத்திச் சலித்த கை போட்டது.

“வெயில்னு எழுதணும், மேர்சி.”

“அது நான் சொல்லிக் குடுத்தது டீச்சர்.” அவள் குரலைத் தாழ்த்தினாள். “மழ வந்தா வேலை இல்ல, வேலை இருந்தா மழ இல்ல. எனக்கு அப்புடித்தான் தெரியும். மூனாம் வகுப்போட நின்னவ நான். இந்த மாசம் மழைக்கு வீட்டுலயே கெடந்தேன்ல, இவகூட ஒக்காந்து ஒவ்வொரு சொல்லாப் பாத்தேன். நேத்து வந்து கொப்பியத் தூக்கி வீசிட்டு, இனிமே நீ எனக்குச் சொல்லித் தராதன்னுட்டா.”

நான் அந்தச் சிவப்புக் குறியைப் பெருவிரலால் தேய்த்தேன்.

“அம்மா சொன்னதுலயும் ஞாயம் இருக்குன்னு ஒரு வார்த்த சொல்லுங்க டீச்சர். நீங்க சொன்னா கேப்பா.”

சொல்லலாம். சொன்னதை நம்பி டிலுக்ஷி பரீட்சையிலும் அப்படியே எழுதினால்? விடை திருத்துகிறவருக்கு இறப்பர் மரமும் தெரியாது, மேர்சியையும் தெரியாது. என் அம்மாவும் பால் வெட்டியவள்தான். என் கொப்பியை அவள் ஒருநாளும் தொட்டதில்லை. தொட நான் விட்டதில்லை. அதை நினைக்க வெட்கமாக இருந்தது.

“டிலுக்ஷி, இங்க வா.”

அவள் எழுந்து வருவதற்குள் தகரக் கூரையின் இரைச்சல் ஓய்ந்துவிட்டது. மேர்சியின் கண் வானத்துக்குப் போனது. மேட்டிலிருந்து, ஆட்களை வேலைக்குக் கூப்பிடும் கங்காணியின் விசில் கேட்டது. பட்டை காய்ந்ததும் பால் வெட்டத் தொடங்குவார்கள்.

“நான் போறேன் டீச்சர். பிந்துனா பேர் போட மாட்டாங்க.”

நான் என்ன சொல்லப்போகிறேன் என்று கேட்க அவளுக்கு நேரமில்லை. செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு சறுக்குகிற பாதையில் ஓடினாள்.

“பரீட்சையில வெயில்னுதான் எழுதணும்,” என்றேன் டிலுக்ஷியிடம். “ஆனா, அம்மா சொன்னது...”

அவள் என்னைப் பார்க்கவில்லை. ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“டீச்சர், வெயில் வந்துருச்சு.”

“ஆமா.”

“அம்மா வேலைக்கு ஓடுது.”

கொப்பியை அவள் கையில் கொடுத்தேன்.

பிழையான சொல்லை அடிமட்டம் வைத்துக் குறுக்கே கோடிட்டு, பக்கத்தில் சரியானதை எழுதுவது எங்கள் வகுப்பு வழக்கம். டிலுக்ஷி முதலில் ‘வெயில்’ என்று எழுதினாள். பிறகு அடிமட்டத்தை எடுத்து ‘வேலை’யின் மேல் வைத்தாள். பென்சில் முனை தாளைத் தொட்டபடி நின்றது. ஜன்னலுக்கு வெளியே, மேட்டுப் பாதையின் வளைவில் மேர்சியின் உரப்பை ஒருமுறை தெரிந்து மரங்களுக்குள் மறைந்தது. டிலுக்ஷி கோடு போடாமல் அடிமட்டத்தைப் பெட்டிக்குள் வைத்து மூடினாள்.